காலி என்று போட்டவள்

ஓர் ஊர் எதனால் வளர்கிறது என்று கேட்டால் எங்கள் கம்பெனி சார் விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார். மக்கள்தொகை, சாலை வசதி, தொழில், நிலத்தின் விலை. படித்தவர், சென்னையிலிருந்து வந்தவர், மடக்கட்டும். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அண்ணன் தம்பிச் சண்டை. ஆரணியை விட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெளியே போய்ப் பாருங்கள். வயலுக்கு நடுவில் பூசாத செங்கல்லோடு ஒரு வீடு தனியாக நிற்கும். ஊருக்குள் இன்னொரு வீட்டில் யாரோ அந்த வீட்டுக்காரர் முகத்தில் விழிப்பதில்லை என்று சத்தியம் செய்திருப்பார்கள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை என்று நான் சொன்னால் அது பொய். கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனால் அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

அளப்பதுதான் என் வேலை. ஊர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எதனால் பரவியது என்று கண்டுபிடிக்க ஒரு தனியார் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் கிடைத்தது. பூகோளத்தில் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணமாகி, ராட்டினத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த என்னை உள்ளூர் ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். பழைய வருடங்களுக்குச் செயற்கைக்கோள் படம், இப்போதைய ஊருக்கு ட்ரோன் படம். கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் பார்த்து இது கட்டடம், இது வயல், இது ஏரி என்று தானாகவே நிறம் பூசும். நான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வண்டியில் அந்தந்த இடத்துக்குப் போய் நின்று, அது சொன்னது சரியா தவறா என்று தட்ட வேண்டும். தெரு நாய்களும் வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரிதான் வரவேற்பார்கள். வரி ஏற்ற வந்தவள் என்று ஒருத்தி வாசலில் சாணத் தண்ணீரை என் காலுக்குக் கிட்டே ஊற்றினாள்.

இப்போது எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

என் வீட்டுக்காரர் பட்டுச்சேலை நெய்கிறவர். கைத்தறிக்குக் குழி வேண்டும். நெய்கிறவர் தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். குழியைத் தரையில்தான் தோண்ட முடியும். மாடியில் தோண்டினால் கீழ்வீட்டுக்காரன் தலைமேல் கால் தொங்கும். குழி இல்லாத தறியும் இருக்கிறது, அதை மாடியிலும் போடலாம். ஆனால் எங்கள் மாமனார் வீட்டு மாடி மரச்சட்டத்தின்மேல் போட்ட பழைய மச்சு. தறி அடித்தால் தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார்.

மாமனார் போனபிறகு பாகம் பிரித்தார்கள். நாலு பெரியவர்கள் கூடி, துண்டுச் சீட்டில் கீழ் என்றும் மேல் என்றும் எழுதி, சாமி படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டார்கள். என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், தறியை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. நெய்தவர்களிடம் சேலையை வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கிற வியாபாரி. அவர் பெயருக்குத் தறிக்குழியோடு கீழ்வீடு வந்தது. நெய்கிற என் வீட்டுக்காரருக்கு மாடி வந்தது.

"மாத்திக்கலாண்ணா. ஒனக்கு குழி எதுக்கு?" என்று இவர் கேட்டார். கெஞ்சித்தான் கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன்.

"சாமி குடுத்தத மாத்துனா தெய்வ குத்தம்டா தம்பி. நான் இன்னா பண்ண?" என்றார் அவர்.

தெய்வ குத்தத்துக்குப் பயந்த மனிதர் அந்த மாதம் முடிவதற்குள் குழியில் செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்பி, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார். அந்த இடத்தில் இப்போது கண்ணாடி பீரோ நிற்கிறது. இவருடைய அப்பா கால் விட்டு உட்கார்ந்திருந்த இடம் அது. நாங்கள் அன்றைக்கே மூட்டை கட்டினோம். மாடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கண்ணமங்கலம் ரோட்டில் ஊரைத் தாண்டி ஒரு மனை வாங்கினோம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அண்ணன் தம்பி ரெண்டுபட்டால் மனை விற்கிறவனுக்குக் கொண்டாட்டம். வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டுவிட்டு, மலை தெரியும் மனை என்று நோட்டீஸ் அடித்தவன் அவன். எந்த மலை என்று கேட்டேன். சமணர் கோயில் இருக்கிற திருமலை என்றான். பஸ் ஏறிப் போக வேண்டிய மலை எங்கள் வாசலிலிருந்து எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, மாடி கட்டினால் தெரியும் மேடம் என்றான். மாடியால் வந்த வினைதான் எங்களுக்கு. அவனை அடிக்காமல் விட்டது என் பொறுமை.

அங்கே போய்ப் பார்த்தால் தெரு முழுக்க எங்களைப் போன்ற ஆட்கள். எல்லாம் நெசவுக் குடும்பம். எல்லாருக்கும் பாகத்தில் மாடி வந்திருக்கும், அல்லது பின்கட்டு வந்திருக்கும், அல்லது ஒன்றுமே வந்திருக்காது. எல்லார் வீட்டிலும் முதலில் தோண்டியது தறிக்குழி, பிறகுதான் கக்கூஸ். இதைச் சாரிடம் சொன்னேன்.

"இன்ட்ரஸ்டிங் மேடம். ஆனா சண்டையெல்லாம் டேட்டாவுல வராது. நிலத்தின் விலைன்னு போட்டுடுங்க" என்றார்.

எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டு. ஊரின் கடைசி வீடு, அப்புறம் ஏரிக் கால்வாயும் கருவேல முள்ளும், அப்புறம் எங்கள் பாவடி, அப்புறம் எங்கள் வீடுகள். பாவடி என்றால் பாவு போடுகிற இடம். சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி தெளித்து, சீர் செய்ய வேண்டும். வெயில் ஏறுவதற்குள், காற்று கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும். வளைத்துப் போட முடியாது. நேராக, நீளமாக, நடுவில் ஒரு கம்பம்கூட இல்லாத தரை வேண்டும். ஊருக்குள் அதற்குத் தெருவே போதும். எங்கள் மனைகளுக்கு நடுவில் இருந்த சந்துகள் கோணலும் மாணலுமாக, சாக்கடைக் கல்லும் மின்கம்பமுமாக இருந்ததால், ஊர்ப் பக்கம் விட்டிருந்த பொது இடத்தை எல்லாருமாகச் சமன் செய்து பாவடியாக வைத்துக்கொண்டோம். அதில் ஒரு செடிகூட வளர விடமாட்டோம். எங்கள் தெருவிலேயே சண்டை இல்லாத ஒரே இடம் அதுதான். முறை வைத்துப் போடுவார்கள், முறையை யாரும் மீறியதில்லை.

இல்லாதது தண்ணீர். பஞ்சாயத்து போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. கஞ்சிக்குக்கூட ஆகாது. டேங்கர் லாரி எப்போது வருமோ அப்போது ஓட வேண்டும். நெய்துகொண்டிருக்கிற ஆம்பிளைகள் எழுந்து வரமாட்டார்கள், ஓடுவது நாங்கள்தான். லாரி வராத நாளில் கால்வாயைத் தாண்டி ஊரின் கடைசித் தெருக் குழாயில் போய் நின்றால், "ஒங்க பக்கம் வேற, எங்க பக்கம் வேற" என்று அங்கே இருப்பவர்கள் குழாயை மறைத்து நிற்பார்கள். நகராட்சிக் குழாய் எங்களுக்கு வர வேண்டுமென்றால் நாங்கள் ஊருக்குள் வர வேண்டும். ஊரின் கோடு எதுவரை என்று வரையப்போவதே எங்கள் கம்பெனியின் படம்தான்.

அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவில் இடைவெளி ஓர் அளவுக்குமேல் போனால் ஊர் அங்கே முடிந்ததாக அர்த்தம். கால்வாயும் பாவடியும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டிவிட்டது. செயற்கைக்கோளை வைத்துப் போட்ட முதல் படத்தில் கோடு ஊரின் கடைசி வீட்டோடு நின்றுவிட்டது.

"நடுவுல ஒரே ஒரு பில்டிங் இருந்திருந்தா கனெக்ட் ஆகியிருக்கும் மேடம். பேட் லக்" என்றார் சார்.

அதை நான் சோறு போடும்போது வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் அதைத் தெருச் சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டார். இந்தத் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்தத் தறியை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் விட்டிருப்பவர், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாதவர், எந்தக் காரியத்தையும் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு மாலையை மட்டும் தான் போட்டுக்கொள்பவர். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்கள் தெருவில் இருந்த ஒரே நேர்மையான உறவு அது.

இதற்கு நடுவில் ஊருக்குள் பட்டுச் சேலைத் தெருக்களை அளக்கிற முறை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் எந்த மாடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் போட வேண்டும். எந்தத் தெரு வரக்கூடாது என்று நினைத்தேனோ அந்தத் தெரு வந்தது. மூத்தார் கீழ்வீட்டு முன்பக்கத்தையே கடையாக்கிக் கல்லாவில் இருந்தார். என் ஓரகத்தி, அவர் பெண்சாதி, வாசற்படியிலேயே நின்றாள்.

"இன்னாம்மா, எங்க வூட்டையே அளக்க வந்துட்டியா?" என்றாள்.

"ஊர அளக்க வந்தேன்க்கா. ஒங்க வூடும் ஊருலதான கீது. மாடில இன்னா கீதுன்னு சொல்லுங்க."

"ஏன், ஒனக்குத் தெரியாதா? சாவி ஒன் கையிலதான கீது."

மாடி: பூட்டப்பட்டுள்ளது, பயன்பாடு இல்லை என்று போட்டேன். அந்தத் தெருவில் வரிசையாக அப்படியே போட்டுக்கொண்டு போனேன். தம்பி மாடி, பூட்டு. சித்தப்பா மாடி, பூட்டு. மேலே ஆள் இல்லாத வீடுகள் ஊருக்குள் இவ்வளவு இருக்க, வெளியே நெல்வயலில் மஞ்சள் கல் நடுகிறார்கள். ஊர் வளர்கிறதாம். உள்ளே ஒருவரை ஒருவர் தள்ளி வெளியே விட்டதற்குப் பெயர் வளர்ச்சி. தண்ணீர் வேண்டுமா என்றுகூட அந்த வீட்டில் என்னை யாரும் கேட்கவில்லை.

கோட்டை முடிவு செய்ய ட்ரோன் பறக்கப்போகிற நாளை ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். பொதுமக்கள் பயப்பட வேண்டாம், கல்லால் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எங்கள் தெருத் தலைவர் கல்லால் அடிக்கவில்லை. அதற்கு முந்தின நாள் பாவடியின் நடுவில் ஒரு பெரிய பந்தல் போட்டார். துணிப் பந்தல் இல்லை, மேலே தகர ஷீட் போட்ட பந்தல். ஆகாயத்திலிருந்து பார்த்தால் அசல் கட்டடம். பந்தல்காரரிடம் மஞ்சள் நீராட்டு விழா என்று சொல்லியிருந்தார்கள். பாவம், அவர் வாழை மரத்தோடு வந்து, எந்த வூட்டுப் பொண்ணு என்று கேட்டுக்கொண்டே நின்றார். தெருவே சிரித்தது. கம்பத்துக்குக் குழி தோண்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

"பாவடில கம்பம் நடறீங்களே, வெக்கமா இல்ல?" என்றேன்.

"ஒருநாள் கூத்துமே. நாளைக்கு அவுத்துட்டா பாவடி பாவடியாவே கீது. தண்ணி வருதா இல்லியா பாரு" என்றார். ட்ரோன் விர்ரென்று வந்து தலைக்குமேல் சுற்றிவிட்டுப் போனது. தலைவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார்.

படத்துக்கு நிறம் பூசி வர வாரக்கணக்கில் ஆனது. சரிபார்க்க வேண்டிய புள்ளி என் டேப்லெட்டுக்கே வந்தது. உள்ளூர் ஆள் நான் ஒருத்திதானே. ஒரு விடியற்காலை பாவடியில் போய் நின்றேன். திரையில் நீலமாக ஒரு சதுரம், கட்டடம் என்று எழுதியிருந்தது. தரையில் பந்தலின் கம்பக் குழிகூட மூடப்பட்டிருந்தது. அன்றைக்குப் பாவு போடுகிற முறை எங்கள் வீட்டுக்கு. அரக்கு நிறப் பட்டு பாவடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து, அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டிருந்தார்.

தலைவர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். பின்னால் தெருவே வந்திருந்தது. குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள்.

"நம்ம வூட்டுப் பொண்ணு கைலதான் கீது. இன்னாத்துக்கு பயம்? சரின்னு ஒரு தட்டு தட்டிட்டு போயிகினே இரும்மா" என்றார் தலைவர்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஒன் வேல, ஒன் இஷ்டம்" என்றார்.

பந்தல் போட்டது அவர்கள், பொய் மட்டும் என் விரலாலா? அதுவும் இழுத்துக் கட்டிய பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இங்கே ஒரு கட்டடம் இருக்கிறது என்று. தலைவர் சிரிக்காமல் இருந்திருந்தால் தட்டியிருப்பேனோ என்னவோ. சிரித்தார். தவறு என்று தட்டினேன்.

பின்னால் கூச்சல் கிளம்பியது. அதற்குள் டேப்லெட் அடுத்த கேள்வியைக் கேட்டது. கட்டடம் இல்லையென்றால் வேறென்ன? சாலை, வயல், நீர்நிலை, புதர், காலி. பாவடி என்று இல்லை. சாருக்குப் போன் போட்டேன்.

"நெசவு வேலை செய்யற எடம் சார். இப்பக்கூட செஞ்சிகினுதான் கீறாங்க."

"கூரை இருக்கா மேடம்?"

"இல்ல சார். கூரை இருந்தா வேலையே செய்ய முடியாது."

"அப்ப காலின்னு போட்டு, ரிமார்க்ஸ்ல எழுதிடுங்க மேடம்."

காலி என்று போட்டேன். ரிமார்க்ஸில் பாவடி, தினமும் பயன்பாட்டில் உள்ளது என்று எழுதினேன். அதை இன்றுவரை எவனும் படிக்கவில்லை.

அதற்கப்புறம் தெருவில் என்னோடு யாரும் பேசவில்லை. டேங்கர் வந்தால் என் குடத்தைக் காலால் தள்ளிக் கடைசியில் வைத்தார்கள். நான் முன்னால் கொண்டுபோய் வைப்பேன், அவர்கள் தள்ளுவார்கள். "ஆபீசுக்கு விசுவாசமா கீறவங்களுக்கு ஆபீசே தண்ணி குடுக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். என் முறை வரும்போது லாரியில் அடிமண்டிதான் இருக்கும். நான் அழவில்லை. திட்டினேன். எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்து, பிறகு பழையதையே சுற்றிச் சுற்றித் திட்டினேன். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள்கூட எழுந்து வெளியே வரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது.

பிறகு கோடு வெளியானது. எங்கள் தெரு ஊருக்குள் இருந்தது.

நான் சாருக்குப் போன் போட்டேன். "நான் தவறுன்னு போட்டேனே சார்?"

"ஆமா மேடம். ஆனா ஊர் எல்லை இமேஜ்ல இருந்து நேரா வந்துடும். உங்க என்ட்ரி நிலப் பயன்பாட்டு லேயருக்குப் போகும். ரெண்டும் வேற வேற லேயர்."

ஒரு கணக்கில் பாவடி கட்டடம், இன்னொரு கணக்கில் பாவடி காலி. இரண்டையும் அவர்களே ஒன்றாக அச்சடித்துக் கொடுத்தார்கள், யாருக்கும் கூசவில்லை. தெருவில் சரவெடி வைத்தார்கள். தலைவருக்கு மாலை விழுந்தது.

குழாய் போடுவதற்கு முன்னால் தண்ணீர்த்தொட்டி கட்ட வேண்டும். அதற்கு இடம் பார்க்க இன்ஜினீயர் ஒருவர் வந்தார். கையில் எங்கள் கம்பெனி அடித்த படம் இருந்தது. ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும், பொது இடமாக இருக்க வேண்டும், காலியாக இருக்க வேண்டும். அவர் நேராகப் பாவடியில் போய் நின்று, நடுவில் சுண்ணாம்பால் கட்டம் போட்டார்.

அரை மணி நேரத்தில் தெருவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

"நீதான காலின்னு போட்ட? ஒன் கை அழுவ" என்றாள் ஒருத்தி.

"பந்தல் போட்டு ஊருக்குள்ள இழுத்தது யாரு? நானா? ஊருக்குள்ள போனா ஊரு உள்ள வராதா?" என்றேன்.

"பாவடின்னு சொல்ல வாய் இல்லியா ஒனக்கு?"

"சொன்னேன். எழுதுனேன். பாவுக்குப் பக்கத்துல நின்னுகினு கட்டடம்னு சொல்லச் சொன்னீங்களே, அப்ப ஒங்க வாய் எங்க போச்சி?"

கடைசியில் எல்லாரும் சேர்ந்து நகராட்சி ஆபீசுக்குப் போய் மனு கொடுப்பது என்று முடிவானது. நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போனேன். தலைவர் பாவடி என்றால் என்ன, அது இல்லாவிட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று உருக்கமாகத்தான் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ட்ரோன் படத்தை எடுத்து மேசைமேல் போட்டார்.

"நீங்க சொல்ற எடத்துல பெரிய ஷெட்டு ஒண்ணு தெரியுதே. அந்த ஷெட்டு வெச்சுதான் உங்க தெருவே எல்லைக்குள்ள வந்துருக்கு. ஷெட்டு இருந்தப்ப பாவு எங்க போட்டீங்க? இல்ல, அங்க ஷெட்டே இல்லியா? இல்லேன்னா சொல்லுங்க, கோட்டை மறுபடி பாக்கச் சொல்றேன்."

தலைவர் சட்டை மடிப்பை நீவினார். இல்லை என்றால் தண்ணீர் போச்சு. இருந்தது என்றால் பாவடி போச்சு. நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பந்தல், சார், பொய்ப் பந்தல் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் போனார். எந்த ஆபீசிலும் முன்வரிசைக்குப் போகாத மனிதர்.

"இருந்துச்சி சார். ஷெட்டு இருந்துச்சி. இப்பதான் பிரிச்சோம். தொட்டி கட்டிக்கோங்க" என்றார்.

யாரும் மறுக்கவில்லை. வெளியே வந்ததும் தலைவர் உட்பட ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நான் கத்திக்கொண்டே வந்தேன். உங்களுக்குப் பைத்தியமா, நாளைக்குப் பாவு எங்கே போடுவீர்கள், அண்ணன் குழியைத் தூர்த்தார், நீங்கள் பாவடியையே தூர்த்துவிட்டீர்கள் என்றேன். அவர் டீக்கடை ஓரமாக நின்றார்.

"தெனம் ஒன் கொடத்த காலால ஒதைக்கிறாங்க. தறில குந்திகினு நான் கேட்டுகினுதான் இருந்தேன்" என்றார்.

அப்போதும் நான் திட்டுவதை நிறுத்தவில்லை. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தொட்டி எழும்பியது. நான்கு கால், நடுவில் மோட்டார் அறை, சுற்றிலும் மதில். இரண்டு பக்கமும் மிஞ்சிய தரை எந்தப் பாவுக்கும் போதாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், பிடித்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. தண்ணீர் நன்றாகவே வருகிறது. இனிப்பான தண்ணீர். முதல் நாள் என் குடத்தை முதலில் வைத்தேன். ஒருத்தியும் தள்ளவில்லை. இரண்டாம் சுற்றுக்கு அதே புள்ளி என் டேப்லெட்டுக்குத் திரும்ப வந்தது. கட்டடம். சரியா, தவறா? தொட்டியின் நிழலில் நின்று சரி என்று தட்டினேன். தலைவர் கண்ணமங்கலத்துக்குக் கிட்டே ஒரு வயலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாராம், நீளமான இடமாம், தெருவில் பாதிப் பேர் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த சுற்றில் ஊர் அங்கே போயிருக்கும். சார் நிலத்தின் விலை என்று எழுதிக்கொள்வார்.

நாங்கள் போகவில்லை. இவர் பாவை மூட்டையாகக் கட்டி வண்டியில் வைத்து, விடியற்காலையில் ஊருக்குள் பழைய தெருவுக்கே கொண்டுபோனார். நேரான, நீளமான தெரு. அவருடைய அப்பா பாவு போட்ட தெரு. ஒரு முனைக் கட்டு மூத்தார் கடைக்கு எதிரில் விழுந்தது. பாவை இழுத்துக் கட்டினால் கடைக்கு உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. தெரு பொது. அதற்குச் சீட்டு குலுக்கிப் போடவில்லை.

மூத்தார் ஷட்டரைத் தூக்கிவிட்டு, பாவுக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்தோடு நின்றார்.

"இன்னாடா இது பேஜாரு? காலங்காத்தால போணி ஆவுற நேரத்துல? ஒங்க பக்கம்தான் எடம் காலியா கெடக்குதே."

இவர் குனிந்து ஓர் இழையை எடுத்து முடிந்துகொண்டிருந்தார். நான் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"இப்ப காலியா இல்ல மாமா. அங்க கட்டடம் கீது. நானே பாத்து சரின்னு போட்டுட்டு வந்தேன்."

"சரி, ஜல்தியா முடிச்சிட்டுக் கெளம்புங்க."

"நீங்க மெதுவா பாருங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். "ஒவ்வொரு இழையா பாருங்க."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த இழைக்குப் போனார். எதிரில் மூத்தார் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எங்கள் மாமனார் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.